பொதுக்காணியில் எங்கள் குதிரை

நான் எலி பிடிக்கத் தொடங்கிய கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் குதிரை விஷயத்தில் எனக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்பது விளங்காது.

போரால் ஊரைவிட்டு வந்து நாங்கள் குடியேறிய இந்தத் தெற்குத் தீவுநாட்டில், பாட்டனி டவுன்ஸ் என்ற இடத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் எனக்கு வேலை. வருடத்தில் ஒருநாள் கடையில் உள்ளவர்கள் எல்லோரும் சேர்ந்து ஏதாவது பொதுச்சேவை செய்யவேண்டும் என்று எங்கள் மனேஜருக்கு ஒரு எண்ணம் வந்தது. அந்த முறை கிளீவ்டனுக்கு அப்பால் கடலோரமாக இருக்கும் ஒரு பொதுப் பூங்காவுக்கு மரம் நட அழைத்துப் போனார். பூங்கா என்றதும் ஊஞ்சலையும் சறுக்குமரத்தையும் நினைக்கக்கூடாது. குன்று, ஓடை, சதுப்பு, கடற்கரை எல்லாம் அடங்கிய பெரிய காணி. ஒரு பக்கத்தில் பூங்காவின் ஆடுகள் மேயும். மற்றப் பக்கத்தில் சனங்கள் நடந்து திரிவார்கள், நீந்துவார்கள், கூடாரம் அடிப்பார்கள். வேலி உண்டு, ஆனால் உள்ளே வர ஒருவரையும் கேட்கத் தேவையில்லை. வேலி இருந்தும் விரட்டாத காணியை நான் அதற்கு முன் கண்டதில்லை.

பூங்காவைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரியை இங்கே ரேஞ்சர் என்பார்கள். எங்களுடைய ரேஞ்சர் ஒரு வெள்ளைக்காரப் பெண். இங்கே ஆடி மாதம்தான் நடுக்குளிர்காலம், அதிலும் அரைக்காற்சட்டைதான். நட்டு முடிந்ததும் எல்லோரையும் சுற்றி நிற்கவைத்து ஏதோ கேட்டார். காற்றில் எனக்கு அரைவாசிதான் காதில் விழுந்தது. தேநீர் வேண்டுமா என்று கேட்கிறார் என நினைத்துக் கையை உயர்த்தினேன். வேறு ஒருவரும் உயர்த்தவில்லை. இந்தக் குளிருக்குள் ஒருவருக்கும் தேநீர் வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நின்றேன். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஓடைக்கரையில் உள்ள எலிப்பொறிகளைப் பார்த்துக்கொள்ள யார் முன்வருகிறீர்கள் என்பதுதான் கேள்வி என்று பிறகுதான் தெரிந்தது.

கையைத் திரும்ப இறக்க எனக்கு வெட்கமாக இருந்தது. அப்படியே பிடித்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து ஒன்றுவிட்ட சனிக்கிழமைகளில் நான் அந்த ஓடைக்கரையில் நடப்பேன். மரப்பெட்டிக்குள் இரும்புப் பொறி. எலிக்குக் கடலை வெண்ணெய், கீரிமாதிரி ஒன்று உண்டு, ஸ்டோட் என்பார்கள், அதற்கு முட்டை. செத்ததை வெளியே தட்டி, பொறியைத் துடைத்து, புது இரை வைத்து அடுத்ததற்குப் போகவேண்டும். இதெல்லாம் டொட்டரல் என்ற ஒரு சின்னக் கடற்கரைப் பறவைக்காக. அது மணலில் விரலால் தோண்டியதுபோல ஒரு குழி செய்து அதற்குள் முட்டையிடும். முட்டை மணல் நிறம். அதனுடைய பாதுகாப்பு ஏற்பாடு அவ்வளவுதான். கப்பலில் வந்து இறங்கிய எலிகளுக்கு இந்த ஏற்பாடு போதவில்லை.

கோயிலில் ஒரு அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார்.

“நீர் சைவம் எல்லோ?”

“ஓம்.”

“பிறகென்னெண்டு எலியைக் கொல்லுறீர்?”

“கொல்லுறன். சாப்பிடுறேல்லை.”

அவர் அதற்குப் பிறகு என்னிடம் பிரசாதம் வாங்குமுன் என் கையை ஒருமுறை பார்ப்பார்.

என் கணவருக்கு வேலை மங்கரேயில், விமான நிலையத்துச் சரக்குக் கொட்டகையில். அவருக்கு மிருகங்களோடு எந்தச் சகவாசமும் இருந்ததில்லை. நாய் கண்டால் வீதியின் மறுபக்கம் போவார். ஆனால் பந்தயக் குதிரைகளை விமானத்தில் ஏற்றி வெளிநாட்டுக்கு அனுப்பும்போது அவற்றின் பெட்டிகளை நகர்த்துகிற வேலையும் அவருடையதாக இருந்தது. வைக்கோல் பரப்பி, தண்ணீர் வைத்து, பக்கத்தில் ஒரு ஆளும் கூடப் போவார். “நாங்கள் வந்ததைவிட வசதியாப் போகுதுகள்” என்று வீட்டில் வந்து சொல்லுவார். அதில் பொறாமை இல்லை. ஒரு தகவல்போலச் சொல்லுவார்.

அப்படிக் கூடப்போகிற ஆட்களில் ஒருவர்தான் காட்டுக்குதிரைகளைப் பற்றி அவருக்குச் சொல்லியிருக்கிறார். இந்தத் தீவின் நடுவில், இராணுவம் பயிற்சி செய்கிற பெரிய மேட்டுநிலத்தில், கைமானவா மலைப்பக்கம், குதிரைகள் கூட்டம் கூட்டமாகக் காட்டில் வாழ்கின்றன. அவை பெருகினால் அங்கே மட்டுமே முளைக்கிற சில செடிகள் அழிந்துபோகும். அதனால் காலத்துக்குக் காலம் ஹெலிகொப்டரால் துரத்திப் பட்டிக்குள் அடைத்து, மேலதிகமானவற்றை விரும்பியவர்களுக்கு வளர்க்கக் கொடுப்பார்கள்.

“விரும்பி ஆரும் கேக்காட்டி?” என்று கேட்டேன்.

“இறைச்சிக்குப் போகுமாம்.”

சோற்றைப் பிசைந்தார். பிறகு சொன்னார்: “ஆரோ ஒருத்தன் ஓம் எண்டு சொன்னதாலதானேயப்பா நாங்களும் இஞ்ச இருக்கிறம்.”

“எங்களை ஹெலிகொப்டராலை துரத்திப் பிடிக்கேல்லை” என்றேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அது பொருத்தமான பதில் இல்லை என்பது சொன்னபிறகுதான் எனக்கும் பட்டது. ஊரில் சண்டைக்காலத்தில் ஹெலிகொப்டர் துரத்த ஓடியதெல்லாம் இரண்டு பேருக்கும் ஞாபகம் இருந்தது. பிடிபடாததுதான் வித்தியாசம். இருவரும் பேசாமல் சாப்பிட்டு முடித்தோம். அந்த மௌனத்தை அவர் சம்மதமாக எடுத்துக்கொண்டார்.

பிளாட் புஷில் எங்கள் வீட்டுப் பின்வளவில் உடுப்புக் காயவிடும் கம்பியைச் சுற்றவே இடம் போதாது. குதிரையை எங்கே விடுவது? அதற்கும் ஆள் இருந்தது. கிளீவ்டன் பக்கத்தில் நிலம் வாங்கி நான்கைந்து மாடு வைத்திருந்த ஒரு பல் டொக்டர். மலேசியத் தமிழர், கிறிஸ்தவர், கணவரை இழந்தவர், ஓய்வுபெற்றுவிட்டார். அவருடைய பழைய மூக்குக்கண்ணாடிகளை நான்தான் திருத்திக் கொடுப்பேன். பழக்கம் அப்படி வந்தது. அவருடைய தகப்பனார் ஈப்போவில் பந்தயக்குதிரை லாயத்தில் வேலை செய்தவர். டொக்டர் குதிரைச் சாணத்துக்குள் வளர்ந்து பல் வைத்தியம் படித்தவர்.

கணவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். டொக்டர் ஒரு கணமும் யோசிக்கவில்லை.

“கொண்டு வாங்க அண்ணே. மாடுங்க மூஞ்சியவே பாத்துப் பாத்து எனக்கும் போரடிக்குது லா.”

வேலி உயரமா, பட்டி உறுதியா, குதிரை தெரிந்த ஆள் இருக்கிறாரா என்று பார்க்க, குதிரைகளைக் கொடுக்கும் அமைப்பிலிருந்து ஒரு பெண் வந்தார். டொக்டரோடு கதைத்ததும் அவருக்குத் திருப்தி. என் கணவரைப் பார்த்து, “உங்களுக்குக் குதிரை அனுபவம் எப்படி?” என்றார். “ஏற்றுமதி” என்றார் இவர்.

எங்கள் மகளுக்கு விஷயத்தைச் சொன்னபோது அவள் பல்கலைக்கழகத்தில் இருந்தாள். “அம்மா, ஆர் யூ சீரியஸ்?” என்றாள். அப்பாவைக் கேள் என்றேன். அவரிடமும் அதையே கேட்டாள். அவர் ஓம் என்றார்.

இலையுதிர் காலத்தில் லொறி வந்தது. பின்கதவைத் திறந்ததும் ஒரு பெண்குதிரை பாய்ந்திறங்கிப் பட்டியின் தூர மூலைக்குப் போய் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. படங்களில் காட்டும் குதிரைபோல இல்லை. குள்ளம். கபில நிறம். பிடரி மயிர் முழுக்க முள்ளுக்காய். வயிறு மட்டும் பெரிது.

“நல்லாச் சாப்பிட்டிருக்கிறா” என்றார் கணவர்.

டொக்டர் அந்த வயிற்றைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தார்.

“இப்ப நான் என்ன செய்யவேணும் டொக்டர்?”

“ஒண்ணும் செய்யாதீங்க. சும்மா போய் உக்காருங்க. அவகிட்ட எதுவும் கேக்காதீங்க. அவ வேணும்னா வருவா.”

முழங்காலில் சத்திரசிகிச்சை செய்து வேலையைப் பாதியாகக் குறைத்திருந்த காலம் அது. சும்மா இருக்கச் சொன்னால் அதை ஒழுங்காகச் செய்யக்கூடிய மனிதர் அவர். ஒரு பிளாஸ்டிக் கதிரையை எடுத்துக்கொண்டு போய்ப் பட்டிக்குள் இருப்பார். போனில் தமிழ்ச் செய்திகளைச் சத்தமாக வாசிப்பார். தேர்தல் செய்தி, விலைவாசி, கனடாவிலும் ஜெர்மனியிலும் காலமானவர்களின் அறிவித்தல்கள். குதிரை ஒரு காதை மட்டும் அவர் பக்கம் திருப்பி வைத்திருக்கும். குளிர்காலம் முழுவதும் இதுதான் நடந்தது.

“இண்டைக்கு ரெண்டு காதும் திருப்பினவ” என்று ஒருநாள் வீட்டுக்கு வந்து சொன்னார். நான் அன்று மூன்று ஸ்டோட் பிடித்திருந்தேன். சொல்லவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் பூங்காவில் பெரிய நடுகை. ஓடை கடலோடு சேருமிடத்தில் இருந்த சதுப்பு முழுவதையும் பழையபடி ஆக்குவதற்காக ஹராகெகே என்ற தாழைபோன்ற செடியும், டோய்டோய் என்ற உயர்ந்த புல்லும் நட்டோம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தார்கள். கோயிலிலிருந்தும் ஒரு வான் நிறைய ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனேன். என் கையைப் பார்க்கும் அக்காவும் வந்தார். சேற்றில் சப்பாத்து ஒன்றைப் பறிகொடுத்து, மற்றக் காலோடு கடைசிவரை நின்று நட்டார். அதற்குப் பிறகு எனக்கு அவரில் ஒரு மரியாதை.

வசந்தத்தில் ஒரு புயல். இங்கே வசந்தம் என்றால் பூவும் புயலும் ஒன்றாகத்தான் வரும். மறுநாள் நான் கடையில் ஒருவருக்குக் கண்ணாடி பொருத்திக்கொண்டிருந்தபோது கணவர் போன் எடுத்தார்.

“இஞ்சருமப்பா, அவ போயிட்டா.”

ரொறன்ரோவில் அவருடைய மாமி ஆஸ்பத்திரியில் இருந்தார். நான் கதிரையில் இருந்துவிட்டேன்.

“எப்ப?”

“விடியக்காலமையா இருக்கவேணும்.”

“பக்கத்தில ஆர் நிண்டது?”

“ஆரும் இல்லை. மரம் விழுந்து வேலி உடைஞ்சு போச்சு.”

அதன் பிறகுதான் எனக்கு விளங்கியது. போனது குதிரை. மாமிக்கு ஒன்றும் ஆகவில்லை.

டொக்டரும் அவரும் காரில் வீதி வீதியாகத் தேடினார்கள். அயல் பண்ணைக்காரர்களிடம் விசாரித்தார்கள். ஒருவரும் காணவில்லை. என் கணவர் சாப்பாட்டில் கைவைக்கவில்லை. “காட்டில பிறந்தவதானே, தன்னைப் பாத்துக்கொள்ளுவா” என்றேன். “வீதியில லொறி ஓடுது. காட்டில லொறி இல்லை” என்றார்.

சனிக்கிழமை வழக்கம்போல பொறி பார்க்கப் போனேன். குதிரை தொலைந்தால் எலிகள் லீவு எடுக்காது. சதுப்புக்குக் கிட்டப் போனதும் ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. டோய்டோய் எல்லாம் அடியோடு மேயப்பட்டிருந்தது. ஹராகெகே குருத்துக்கள் கடித்துத் துப்பப்பட்டிருந்தன. அக்கா சப்பாத்தைத் தொலைத்த இடத்தில் அடிக்கொரு குளம்புத் தடம், தண்ணீர் நிறைந்து. அதற்கப்பால், டொட்டரல் முட்டையிடும் மணல்மேட்டைச் சுற்றி நாங்கள் கட்டிய கயிற்றுக்குச் சற்று இப்பால், எங்கள் குதிரை நின்றது. வாயில் ஒரு கட்டு டோய்டோய். என்னைப் பார்த்துக்கொண்டே மென்றது.

நான் செய்த முதல் காரியம், தமிழில் ஏசியது. என்ன சொன்னேன் என்பது இங்கே வேண்டாம்.

ரேஞ்சர் தன் வண்டியில் வந்து இறங்கினார். சதுப்பைப் பார்த்தார். குதிரையைப் பார்த்தார்.

“இது அவ்வளவு நல்லதில்லை” என்றார். இந்த நாட்டில் வீடு பற்றி எரிந்தாலும் இதைத்தான் சொல்லுவார்கள். பிறகு கேட்டார்: “யாருடைய குதிரையாக இருக்கும்?”

“என் கணவருடையது” என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருக்குத் தெரிந்தவரையில் நான் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிற, எலி பிடிக்கிற, பிளாட் புஷ் பெண். குதிரை வைத்திருக்கும் புருஷன் அந்தப் படத்துக்குள் வரவில்லை.

நான் போன் எடுத்துக் கூப்பிட்ட கணவரும் டொக்டரும் வந்து சேருமுன் அன்று வந்திருந்த தொண்டர்கள் தாங்களே பிடிக்க முயன்றார்கள். மழைக்கோட்டு போட்டவர்கள் கையை விரித்து ஒரு வரிசையாக நடந்தார்கள். ஹெலிகொப்டரைக் கண்ட குதிரைக்கு மழைக்கோட்டு எம்மாத்திரம். ஓடவுமில்லை, வரிசையில் யார் பயந்தவர் என்று பார்த்து அவர் பக்கத்தால் நடந்து போய்விட்டது. பிறகு ஒருவர் நான்கு சக்கர மோட்டார் சைக்கிளில் போனார். அந்தச் சத்தம் கேட்டதும் அது மிரண்டு பாய்ந்தது. நேரே மணல்மேட்டை நோக்கி. கயிற்றில் மார்பு முட்டியது, திரும்பியது, குன்றில் ஏறிவிட்டது. கயிற்றுக்குள் ஒரு டொட்டரல் சிறகை இழுத்துக்கொண்டு நொண்டுவதுபோல நடித்தபடி ஓடியது. எதிரியைத் தன் பக்கம் இழுத்து முட்டையைக் காப்பாற்ற அது செய்யும் தந்திரம். அந்தப் பறவையின் உயரம் என் கணுக்காலுக்குச் சரி. அது குதிரைக்கு முன்னால் நின்று நடித்தது.

அப்போது வந்து சேர்ந்த டொக்டர் காரிலிருந்து இறங்கியபடியே கத்தினார். “நிறுத்துங்க! எல்லாரும் நில்லுங்க! யாரும் துரத்தக்கூடாது!” தமிழில்தான் கத்தினார். ஆனால் எல்லோரும் நின்றார்கள்.

அவர் குதிரையைத் தூரத்தில் பார்த்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். “அண்ணே, கோச்சிக்காதீங்க. எனக்கு முதல்லயே சந்தேகம். அவ மாசமா இருக்கா. இன்னிக்கோ நாளைக்கோதான். அதான் தனியா எடம் தேடி வந்துட்டா.”

கணவர் அந்த வயிற்றைப் பார்த்தார். “நான் புல்லெண்டு நினைச்சன்” என்றார்.

ரேஞ்சர் எங்களைத் தனியாகக் கூப்பிட்டு நிலைமையைச் சொன்னார். பறவைகள் அடைகாக்கும் காலம். குதிரை இங்கே இருக்க முடியாது. பூங்காவின் ஆட்டுப்பட்டிக் கம்பிவேலிகளைக் கொண்டுவந்து சதுப்பருகே ஒரு பட்டி கட்டலாம், உள்ளே வைக்கோல் வைக்கலாம், அது தானாக உள்ளே போகக் காத்திருக்கலாம். கொஞ்ச நாள்தான் தரமுடியும். அதற்கும் போகாவிட்டால் மேலிடம் முடிவெடுக்கும். அது என்ன முடிவு என்று என் கணவர் கேட்டார். ரேஞ்சர் தன் சப்பாத்தைப் பார்த்தார். “அதை இப்போது பேசவேண்டாம்” என்றார்.

பட்டி கட்டினார்கள். கணவர் என்னையும் கடையில் லீவு கேட்கச் சொல்லிவிட்டு, பிளாஸ்டிக் கதிரையைப் பட்டிக்குள் வைத்து உட்கார்ந்தார். காற்று அடித்தது. அவர் காலமானவர்களை வாசித்தார்.

செய்தி பரவிவிட்டது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, காட்டுக்குதிரை நிற்கிறதாம் என்று பிளாட் புஷிலிருந்தும் பாட்டனியிலிருந்தும் சனங்கள் பிள்ளைகளோடு வந்தார்கள். சீனர், இந்தியர், சமோவர், நம்மவர். ரேஞ்சர் எனக்கு மஞ்சள் மேலங்கி ஒன்றைத் தந்து, யாரும் மணல்மேட்டுக்குக் கிட்டப் போகாமல் பார்க்கச் சொன்னார். நான் கையை விரித்துக்கொண்டு நின்றேன். குதிரையைக் கேட்டவர்களுக்கெல்லாம் டொட்டரலைக் காட்டினேன். என்னிடம் இருந்த தொலைநோக்கி கைமாறிக் கைமாறிப் போனது. “அங்கிள் ஏன் கதிரையில இருக்கிறார்?” என்று ஒரு பிள்ளை கேட்டது. “அவர் குதிரைக்குப் பேப்பர் வாசிக்கிறார்” என்றேன். பிள்ளைக்கு அது போதுமான பதிலாக இருந்தது. அதன் தாய்க்குத்தான் போதவில்லை.

கோயில் அக்கா புளிச்சாதமும் வடையும் கொண்டுவந்தார். ரேஞ்சர் நின்றபடியே வடையை எண்ணாமல் சாப்பிட்டார். அக்கா தான் நட்ட இடத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

“எல்லாத்தையும் திண்டிட்டுதே?”

“ஓம் அக்கா.”

“பிள்ளைத்தாச்சியெல்லே. தின்னத்தான் செய்யும்” என்றார்.

நான் அந்த நேரம்வரை கோபத்தை ஒழுங்காக வைத்திருந்தேன். அதன் பிறகு அது என்னிடம் தங்கவில்லை.

திங்கள் காலை நாங்கள் போய்ச் சேர்ந்தபோது டொக்டர் பூங்கா வாசலில் நின்று, சத்தம் வேண்டாம் என்று உதட்டில் விரலை வைத்தார். குன்றின் அடிவாரத்தில், மனுக்காப் பற்றைகளுக்குப் பக்கத்தில், ஈரமாக, கால் மட்டுமே உள்ளதுபோல ஒன்று எழும்பி நிற்கப் பழகிக்கொண்டிருந்தது. முன்கால் எழுந்தால் பின்கால் மடிந்தது. பின்கால் நிமிர்ந்தால் மூக்கு நிலத்தில் குத்தியது. தாய் தலையால் ஒருமுறை தட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தது. ரேஞ்சர் வேலிக்கப்பால் நின்றார். வோக்கிடோக்கியில் யாரோ கூப்பிட்டார்கள். அவர் அதை நிறுத்திவிட்டார்.

என் கணவர் கைகளைத் தொங்கவிட்டபடி நின்றார். மகள் பிறந்த அன்றும் அப்படித்தான் நின்றார். தாதி இரண்டு முறை கேட்டும் குழந்தையை வாங்கக் கை வரவில்லை.

மதியத்துக்குப் பின் குட்டி நடந்தது. பிறகு நடப்பதே அதற்கு வேலையாகிவிட்டது. தாய்க்கு உலகத்தில் எதையெல்லாம் நம்பக்கூடாது என்று தெரியும். குட்டிக்கு ஒன்றும் தெரியாது. பற்றையை முகர்ந்தது. தன் வாலைக் கண்டு வெருண்டது. பிறகு திறந்திருந்த பட்டிக்குள் ஒரு கதிரையும் அதில் ஒரு மனிதரும் இருப்பதைக் கண்டு நேரே அங்கே போனது. தாய் கனைத்தது. குட்டி கேட்கவில்லை. கணவர் அசையாமல் இருந்தார். அவர் வாசித்துக்கொண்டிருந்த வரி பாதியில் நின்றது. குட்டி அவருடைய ஜக்கெட்டின் நுனியை வாயில் எடுத்துச் சப்பத் தொடங்கியது.

தாய் பட்டியின் வாசலில் நின்றது. உள்ளே பார்த்தது, எங்களைப் பார்த்தது, குன்றைப் பார்த்தது. கடைசியில் வேறு வழியில்லாத ஒரு தாயின் எரிச்சலோடு உள்ளே நடந்து, குட்டிக்கும் அவருக்கும் நடுவில் தலையை நீட்டியது. அதன் மூச்சு அவர் முகத்தில் பட்டது. அவர் கண்ணாடி முழுக்க ஆவி படிந்து புகாராகிவிட்டது. துடைக்கவும் இல்லை.

ரேஞ்சர் மெதுவாகப் போய் வாசலை மூடினார். ஒரு சின்னக் கிளிக் சத்தம். குதிரை திரும்பிப் பார்த்தது. பிறகு வைக்கோலைத் தின்னத் தொடங்கியது.

“எழும்பி வாங்கோவன்” என்று வேலிக்கு வெளியே நின்று கூப்பிட்டேன்.

“முழங்கால் மரத்துப் போச்சு” என்றார். கண்ணில் தண்ணீர். முழங்காலால்தான் என்றார். நான் விட்டுவிட்டேன்.

இரண்டையும் டொக்டரின் நிலத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். உடைந்த வேலியை டொக்டர் முன்னையதைவிட உயரமாகக் கட்டினார். குட்டி வளர்ந்ததும் வடக்கே ஒரு பண்ணைக் குடும்பம் அதைக் கேட்டு வாங்கியது. தாய் இங்கேயேதான். அதன் முதுகில் இன்றுவரை யாரும் ஏறியதில்லை. என் கணவர் பிடரியைச் சீவ விடும். காலைத் தூக்கிப் பார்க்க விடும். டொக்டர் வந்தால் வாயையும் திறந்து காட்டும். “பல்லு சூப்பரா இருக்கு லா” என்பார் டொக்டர்.

சதுப்பை அடுத்த குளிர்காலத்தில் மறுபடி நட்டோம். ரேஞ்சர் எங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் நடுகை நாளன்று மண்வெட்டிகளைப் பிரித்துக் கொடுத்தபோது முதலாவதை என் கணவரிடம் நீட்டினார். அவர் முழங்கால் வலியோடு சேற்றில் ஒரு பலகையைப் போட்டு அதில் இருந்து நட்டார். டோய்டோய்க்கும் அறுகம்புல்லுக்கும் வித்தியாசம் தெரியாத மனிதர், அன்று மாலை வீடு திரும்பும்போது, “அந்த மூலையில தண்ணி கூட நிக்குது, அங்க நட்டது பிழைக்காது” என்றார். போய்ப் பார்த்தால் பிழைத்துத்தான் இருக்கிறது.

அந்தப் பருவத்தில் டொட்டரல் குஞ்சுகள் கயிற்றுக்குள் ஓடித் திரிந்தன. பஞ்சுருண்டைக்குக் கால் வைத்ததுபோல இருக்கும். என் கணவர் தொலைநோக்கியால் பார்த்துவிட்டு, “இவ்வளவுதானா?” என்றார். பிறகு நீண்டநேரம் அதைத் திருப்பித் தரவில்லை.

போன வருடம் மகள் எங்களைக் காரில் தெற்கே கூட்டிக்கொண்டு போனாள். இராணுவ நிலத்துக்குள் சும்மா போகமுடியாது. முன்கூட்டியே பதிந்து, வழிகாட்டி ஒருவரோடு ஒரு கூட்டமாகத்தான் போகலாம். மேட்டுநிலத்தில் காற்று காதை அறுத்தது. மஞ்சள் புல் கண்ணுக்கெட்டியவரை. வெகுதூரத்துச் சரிவில் சில புள்ளிகள். தொலைநோக்கியில் அவை குதிரைகளாயின. குள்ளமாக, வயிறு பெரிதாக, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

“தே ஆர் ஸோ ஸ்மோல்” என்றாள் மகள்.

வழிகாட்டி குனிந்து காலடியில் இருந்த ஒரு செடியைக் காட்டினார். விரல்நகம் அளவு. இந்த மேட்டைவிட்டால் இது வேறு எங்கும் இல்லை, குதிரை மிதித்தால் போய்விடும் என்றார். குதிரைகளைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் மரியாதைக்காக ஒருமுறை குனிந்துவிட்டு மறுபடி தொலைநோக்கியை எடுத்தார்கள். என் கணவர் மட்டும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு கஷ்டப்பட்டு இருந்து, அந்தச் செடியைப் பார்த்தார்.

“அப்ப இதில எதை வைச்சிருக்கிறது?” என்று என்னைக் கேட்டார்.

நான் வழிகாட்டியிடம் இங்கிலீஷில் கேட்டேன். “இரண்டையும். கொஞ்சம் கொஞ்சமாக” என்றார் அவர்.

கணவர் தலையை ஆட்டினார். எழும்ப அவருக்கு ஒரு பக்கம் மகளும் மறுபக்கம் நானும் கை கொடுக்கவேண்டியிருந்தது. காருக்குத் திரும்பி, கண்ணாடிகளை உயர்த்திவிட்டு, நான் கட்டிக் கொண்டுவந்த இடியப்பத்தைச் சம்பலோடு சாப்பிட்டோம். சம்பலில் உப்புக் குறைவு என்றார். குறைவுதான்.